பூச்சியம் என்று நான் சொன்ன பரப்பு

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைப் பூட்டின் திறப்பையும் வெண்கட்டிப் பெட்டியையும் இனி வகுப்பை நடத்தப்போகிற உங்கள் மூன்று பேரிடமும் தந்தபோது, நீங்கள் என்னிடம் கேட்டது பாடக் குறிப்புகளை. அவற்றை அனுப்பிவிட்டேன். எந்த வகுப்புக்கு எந்த அத்தியாயம், எந்தப் பிள்ளைக்குப் பின்னம் வராது, எந்தப் பிள்ளைக்கு இத்தாலிய மொழியில் கேள்வி விளங்கினாலும் கணக்கு விளங்காது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு விசயத்தை மட்டும் அதில் எழுதவில்லை. குறிப்பாக எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும், நீங்களும் வாசித்துவிட்டு மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீங்கள் மூவரும் இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே பல்கலைக்கழகமும் போனவர்கள். என்னைவிட உங்களுக்குக் கணிதம் கூடுதலாகத் தெரியும். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்று, பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிழையான விடையை எழுதி, அதைச் சரியென்று சண்டை பிடித்த அனுபவம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. அது வரும். வரும்போது என்ன செய்வது என்று எனக்குக் காட்டித் தந்தவ ஒரு மாணவி.

அவவின் பெயரை எழுத வேண்டாம் என்று அவவே கேட்டிருக்கிறா. வகுப்புப் பிள்ளைகள் அவவைத் தையலக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருசம் ஆகியிருந்த காலம். வன்னியில் பதினொரு வருசம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த நான், இத்தாலியின் பலெர்மோ நகரில் கிழமை நாட்களில் சீசா என்ற பகுதியின் அடுக்குமாடிகளில் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறிப் பழைய நகரத்து அல்பெர்கேரியாவுக்கு வந்து, பல்லாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டாம் மாடி அறைக்குள் நுழைந்தால் நான் ரீச்சர். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிறு வகுப்பு தொடங்கப் போகிற நேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றா. வயது முப்பத்தேழு இருக்கும். தோளில் துணிப்பை. பிள்ளையைச் சேர்க்க வந்த தாய் என்று நினைத்தேன்.

“உள்ளை வாங்கோ. பிள்ளை எத்தினையாம் வகுப்பு?”

“பிள்ளை நான்தான், ரீச்சர்,” என்றா.

பின் வரிசையில் இருந்த பெட்டைகள் சிரித்துவிட்டார்கள். அவவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தா. பிறகு பையிலிருந்து ஒரு இத்தாலியக் கணிதப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் நாலு வருசமாகப் படித்துக்கொண்டிருக்கிறா. இது கடைசி வருசம். ஆனி மாதம் பள்ளிப் படிப்பை முடிக்கிற அரச சோதனை. புத்தகத்தில் தொகையீடு தொடங்குகிற பக்கத்தில் ஒரு நூல் துண்டு வைத்திருந்தா.

“கிளிநொச்சியிலை உயர்தரம் கணிதப் பிரிவிலை படிச்சனான். இந்தப் பாடம் தொடங்கின கிழமைதான் நாங்கள் இடம்பெயர்ந்தது. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. சாதாரணதரம் பாஸ் பண்ணின பேப்பரும் கடைசியிலை எங்கையோ துலைஞ்சு போச்சுது. நான் படிச்சனான் எண்டு சொல்ல இந்த உலகத்திலை ஒரு துண்டுக் கடுதாசி இல்லை, ரீச்சர்.”

இதை அவ அழுகிற குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னா.

பகலில் சீசாவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை (சின்யோரா என்றுதான் கூப்பிடுவா) பார்த்துக்கொள்கிற வேலை. மிச்ச நேரத்தில் சந்தைக்குப் பக்கத்துத் தன் ஒற்றை அறை வீட்டில் தையல். எங்கள் ஆட்களின் சட்டைகளைப் பிடித்துக் கொடுப்பது, சாரி பிளவுஸ் தைப்பது. பின்னேரத்தில் மாலைப் பள்ளி. இத்தனைக்கும் நடுவில் ஞாயிறு எங்கள் வகுப்பு. பதினேழு வயதுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியை மேசைக்குக் கீழே வைத்து நோண்டிக்கொண்டிருக்க, அவ ஒவ்வொரு இத்தாலியச் சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லைச் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டிருப்பா.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். வர்க்கமூலச் சார்புகளைத் தொகையிடுகிற பாடம். வர்க்கமூலம் என்றால் சுட்டி அரை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று ஒரு சுகமான கணக்கு எழுதினேன். அதாவது, சுகமானது என்று நினைத்து எழுதினேன். x இன் வர்க்கம், அதற்கு மேல் வர்க்கமூலம். எல்லை மைனஸ் இரண்டிலிருந்து இரண்டு வரை.

“வர்க்கம் எண்டால் சுட்டி ரெண்டு. வர்க்கமூலம் எண்டால் சுட்டி அரை. ரெண்டையும் பெருக்கினால்?”

“ஒண்டு!” என்று கத்தினார்கள்.

“அப்ப வெறும் x தான். இதைத் தொகையிடுறதுக்கு என்ன கஷ்டம்?” என்று சொல்லி, விறுவிறு என்று எழுதி, எல்லைகளைப் போட்டு, இரண்டு கழித்தல் இரண்டு, விடை பூச்சியம் என்று அடியில் இரண்டு கோடு போட்டேன்.

தையலக்கா கை உயர்த்தினா.

“ரீச்சர், இதின்ரை படத்தை ஒருக்காக் கீறிப் பாக்கலாமே?”

“ஏன்?”

“வர்க்கமூலம் மைனஸாய் வராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப இந்தக் கோடு முழுக்க மேலைதான் நிக்க வேணும். மேலை நிக்கிற ஒண்டுக்குக் கீழை எப்பிடிப் பரப்பு பூச்சியம் வரும்?”

இப்போது எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது. இவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டால், ஒரு நிமிசம் நின்று யோசிக்க வேண்டாமா? எனக்கு அந்தக் கிழமை முழுக்க மாடி மாடியாகத் துடைத்த களைப்பு. அது ஒரு சாட்டு. உண்மையான காரணம், அந்த இரண்டு மணித்தியாலத்தில் மட்டும்தான் நான் யாருக்கும் மேலே நின்றேன். அதில் ஒருத்தி கை வைத்துவிட்டா என்று பட்டது.

“இடப்பக்கம் மைனஸ், வலப்பக்கம் பிளஸ். ரெண்டும் வெட்டுப்பட்டுப் போகும். படம் கீறுறது சின்ன வகுப்பு வேலை, பிள்ளை. இந்த வகுப்புக்கு வந்தால் கணக்கை நம்பப் பழக வேணும்.”

அவ என்னைப் பார்த்தா. பிறகு பலகையைப் பார்த்தா. “சரி ரீச்சர்” என்று இருந்துவிட்டா. மற்றப் பிள்ளைகள் பூச்சியத்தைக் கொப்பியில் எழுதினார்கள். பன்னிரண்டு கொப்பியில் பதினொன்றில் எழுதியதை நான் கண்டேன். அவ எழுதவில்லை.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் ஏறி இருந்தேன். பஸ் இரண்டு தரிப்பிடம் கூடப் போகவில்லை. மைனஸ் மூன்றை வர்க்கித்தால் ஒன்பது. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. மைனஸ் மூன்று இல்லை. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொன்ன விசயம்! வர்க்கமூலத்தை வெட்டும்போது குறியைக் கவனி, கவனி என்று எத்தனை கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்! இடப்பக்கம் இருப்பதும் மேலேதான். இரண்டு பக்கமும் இரண்டு முக்கோணம், மொத்தம் நாலு. பூச்சியம் இல்லை.

அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஒரு கிழமையில் எனக்கு நல்ல சாட்டும் கிடைத்திருக்கும். “உங்களைச் சோதிக்கத்தான் அப்படி எழுதினனான்” என்று சொல்கிற ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன், நானும் ஒரு காலம் சொல்லியிருக்கிறேன். மணியை அமத்தி இறங்கினேன். சந்தைக் கடைகள் மூடிக்கொண்டிருந்த நேரம், மரக்கறிக் கழிவுகளுக்கு மேலால் நடந்து அவவின் வீட்டுக்குப் போனேன்.

தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டா.

“நான் சொன்னது பிழை, பிள்ளை,” என்றேன். இருக்கவும் இல்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல் சொல் அதுதான்.

“ஓம் ரீச்சர்,” என்றா.

அந்த “ஓம்” இல் ஒரு துளி வெற்றி இல்லை. மேசையில் இருந்த ஒரு கடுதாசியை எடுத்துத் தந்தா. தையலுக்கு அளவு வெட்டுகிற பழுப்புக் கடுதாசி. அதில் அந்தப் படத்தைக் கீறி, கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி எடுத்திருந்தா. நடுவில் மடித்துக் காட்டினா. இரண்டு பக்கமும் விளிம்போடு விளிம்பு சரியாகப் படிந்தது.

“மடிச்சால் ரெண்டும் ஒண்டுக்கு மேலை ஒண்டு இருக்குது. ஒண்டை ஒண்டு தின்னேல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை, ரீச்சர். என்ரை கையிலை நாலு சதுரத்துக்குக் கடுதாசி இருக்கு. நீங்கள் பூச்சியம் எண்டுறியள். நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் எண்டு மூண்டு தரம் வெட்டினனான்.”

கட்டிலுக்குக் கீழே மற்ற இரண்டு துண்டும் கிடந்தன. நான் பிழை விட்டிருப்பேன் என்று நினைக்க அவவுக்கு மூன்று கடுதாசி தேவைப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த வகுப்பில் அவவையே பலகைக்கு வந்து செய்யச் சொல்ல நினைத்தேன். அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அவ ஒத்துக்கொள்ளவில்லை.

“பிள்ளையளுக்கு முன்னாலை நான் உங்களைத் திருத்தமாட்டன். நீங்களே திருத்துங்கோ. அப்பதான் அதுகளும் தங்கடை பிழையைத் தாங்களே திருத்தப் பழகுங்கள்.”

அப்படியே செய்தேன். “போன கிழமை நான் விட்ட பிழை” என்று பலகையில் தலைப்புப் போட்டுத் தொடங்கினேன். முன்வரிசைப் பெட்டை ஒன்று, “மா நோ! ரீச்சரும் பிழை விடுமோ?” என்று இத்தாலியமும் தமிழும் கலந்து பலெர்மோக் குரலில் இழுத்தாள். அன்றைக்குப் பிறகு அந்த அறையில் கை உயர்த்துகிறவர்கள் கூடினார்கள். சில நாள் என்னை நிம்மதியாக ஒரு வரி எழுத விடமாட்டார்கள். அது எனக்குக் கிடைத்த பெரிய லாபம், நீங்களும் இழந்துவிடாதேங்கோ.

இனிச் சொல்லப்போவது என் இரண்டாவது பிழை. இது பலகையில் நடந்ததில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் அவ வகுப்புக்குப் பிந்தி வந்தா. முகம் சரியில்லை. எல்லோரும் போகும் வரை இருந்துவிட்டுச் சொன்னா. சின்யோராவை வெயில் காலத்துக்கு மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சின்யோராவின் மகளின் உத்தரவு: அடுத்த கிழமையிலிருந்து தையலக்காவும் அங்கே போய்ப் புரட்டாதி வரை தங்க வேண்டும், சின்யோராவை ஒரு நாளும் தனியே விடக் கூடாது, முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பார்கள். அரச சோதனை மூன்று எழுத்து நாள், பிறகு ஒரு வாய்மொழி நாள். நாலும் அந்தக் காலத்துக்குள்.

“பெர்மெசோ எப்ப முடியுது?” என்று இத்தாலியில் இருக்கிற அனுமதியைப் பற்றிக் கேட்டேன்.

“ஐப்பசியிலை. புதுப்பிக்கிறதுக்கு இந்த வேலை ஒப்பந்தம்தான் என்னட்டை இருக்கிற ஒரே பேப்பர்.”

நான் கனக்க யோசிக்கவில்லை. பெர்மெசோ இல்லாமல் போன ஆட்கள் என்ன பட்டார்கள் என்று கண்ணால் கண்டவள். “சோதினையை இந்த வருசம் விடு, பிள்ளை. அது அடுத்த வருசமும் வரும். வேலை போனால் வராது,” என்றேன். புத்தியான ஆலோசனை என்றுதான் இன்றைக்கும் யாரும் சொல்வார்கள்.

அவ தலையாட்டிவிட்டுப் போனா. அடுத்த நாள் மத்தியானம், நான் மூன்றாம் மாடியில் வாளியோடு நிற்க, தொலைபேசி அடித்தது.

“ரீச்சர், எனக்கு நாலு நாள் வேணும். என்ரை இடத்திலை ஒரு ஆள் நிண்டால் போதும்.”

“ஆர் நிப்பினம்?”

“நீங்கள்.”

படிக்கட்டுத் துடைப்பது வேறு. அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் மாணவி செய்கிற வேலைக்கு, மாணவிக்குப் பதிலாக, ஒரு வீட்டுக்குள் போய் நிற்பது! ரீச்சர் என்று கூப்பிடுகிற சனம் அறிந்தால் என்ன சொல்லும்? நான் “ம்...” என்று இழுத்ததிலேயே அவ விளங்கிக்கொண்டா.

“மாட்டன் எண்டால் நான் கோவிக்கமாட்டன். ஆனா விடு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, ரீச்சர். விடு எண்டு எனக்குச் சொல்லாத ஆள் நீங்கள் ஒராள்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

வாளித் தண்ணீர் ஆறிப்போகும் வரைக்கும் அந்தப் படியில் இருந்தேன். பிறகு நானே அவவுக்குத் தொலைபேசி எடுத்து, “எத்தினை மணிக்குப் பஸ்?” என்று கேட்டேன்.

அவ ஒரு நிபந்தனை வைத்தா. “பொய் சொல்லப்படாது. சின்யோராவுக்கு நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். மகள் கேட்டாலும் உண்மைதான்.”

மொண்டெல்லோ அந்த நேரம் சனக் கூட்டம். ஜன்னலைத் திறந்தால் கடற்கரைப் பிள்ளைகளின் சத்தம், சாத்தினால் வேர்வை. சின்யோராவுக்கு எண்பத்தி நாலு வயது. நாற்காலியை விட்டு எழும்ப ஒருவரின் கை வேண்டும், ஆனால் நாக்குக்கு யாரின் உதவியும் வேண்டாம். முதல் நாள் நான் போட்ட கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “நீ கோப்பி போடுகிற ஆள் இல்லை,” என்றா. இரண்டாம் நாள், “அவளுக்கு என்ன சோதனை?” என்று கேட்டா.

“பல பாடம், சின்யோரா. இன்றைக்குக் கணிதமும் இருக்கு.”

“என்ன கணிதம்? கூட்டலா?”

“தொகையீடு. வளைந்த கோட்டுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கு என்று கண்டுபிடிக்கிறது.”

சின்யோரா கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தா. “மூன்று வருசமாக என் கட்டில் விரிப்பை இஸ்திரி போடுகிறாள். இது தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை,” என்றா. கோபமாகத்தான் சொன்னா.

மூன்று எழுத்து நாளும் குழப்பமில்லாமல் போயின. நாலாவது, வாய்மொழிச் சோதனை நாள். காலை பத்து மணி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்துவிட்டா. கதவைத் திறந்தது நான்.

“நீ யார்?”

உங்களுக்குச் சொல்கிறேன், முந்நூறு பிள்ளைகள் நின்ற காலைக் கூட்டத்தை ஒரு பார்வையால் அடக்கியவள் நான். அந்த வாசலில் அந்தப் பார்வை எனக்கு வரவில்லை. பொய் சொல்லப்படாது என்ற நிபந்தனை தலைக்குள் நிற்க, வாய் தன்பாட்டில், “அவவுக்குக் காய்ச்...” என்று தொடங்கிவிட்டது. காய்ச்சல் என்று சொன்னால் சுகமாக முடியும். சொல் பாதியில் நின்றது. உண்மையைச் சொன்னால் அவவின் வேலை, பெர்மெசோ, எல்லாம் போகும். பொய் சொன்னால் அவ என்னிடம் கேட்ட ஒரே ஒரு விசயம் போகும்.

“சோதனைக்குப் போயிருக்கிறா,” என்றேன். “நான் அவவின் ஆசிரியை. அவவுக்குப் பதிலாக நிற்கிறேன்.”

மகளின் முகம் சிவந்தது. “யாரைக் கேட்டுக்கொண்டு போனாள்?”

உள்ளேயிருந்து சின்யோராவின் குரல் வந்தது. “என்னை. போகச் சொன்னது நான்தான்.”

அது உண்மையில்லை. தையலக்கா போவதாகத்தான் சொன்னா, சின்யோரா அனுப்பவில்லை. ஆனால் எண்பத்தி நாலு வயதில் அந்த மனுசி, கண்ணை இமைக்காமல், “என் வீட்டில் வேலை செய்கிறவளை எங்கே அனுப்புவது என்று உன்னிடம் கேட்க வேண்டுமா? இரு, கோப்பி குடி. கோப்பி நல்லாயிராது, அதைப் பொறுத்துக்கொள்,” என்றா. மகள் இருந்தா. கோப்பியும் குடித்தா. போகும்போது கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டு போனா. ஆனால் வேறு ஆள் பார்க்கிற கதை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டை சின்யோரா தொடவில்லை. பசியில்லை என்றா. தொலைபேசியைத் தன் மடியில் வைக்கச் சொன்னா. அது அடிக்கவில்லை. மூன்று மணிக்குக் கதவு திறந்தது. தையலக்கா, தானே தைத்த வெள்ளைப் பிளவுஸோடு, பஸ்ஸிலிருந்து நேரே வந்து நின்றா. வந்தவுடன் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினா.

“விடு அதை. சொல்லு!” என்றா சின்யோரா.

அவ மடித்துக்கொண்டே சொன்னா. ஏழு பேர் மேசைக்குப் பின்னால். கணிதம் கேட்டது வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, சிரிக்கவே இல்லை. கேள்வி, x இன் வர்க்கமூலத்துக்குக் கீழே பூச்சியத்திலிருந்து நாலு வரை உள்ள பரப்பு. உங்களுக்கு அது ஒரு நிமிச வேலை. சுட்டியோடு ஒன்றைக் கூட்டி, வருகிற மூன்றின் கீழ் இரண்டால் வகுக்க வேண்டும். அவ பதற்றத்தில் பெருக்கிவிட்டா. விடை பன்னிரண்டு என்று எழுதிவிட்டா. பேராசிரியை ஒன்றும் சொல்லாமல் தாளில் ஏதோ குறித்தா.

“போய் இருக்கச் சொல்லிப் போட்டினம், ரீச்சர். நான் வெண்கட்டியை வைச்சிட்டன். திரும்பேக்கை பலகையை ஒருக்காப் பாத்தன். அகலம் நாலு. உயரம் எங்கையும் ரெண்டுக்கு மேலை போகாது. அப்ப முழுப் பெட்டியே எட்டுத்தான். நான் அதுக்குள்ளை பன்னிரண்டை அடைஞ்சு வைச்சிருக்கிறன்.”

“பிறகு?”

“பொறுங்கோ எண்டு சொல்லிப்போட்டு முழுக்க அழிச்சன்.”

நான் அவவின் கையைப் பார்த்தேன். விரல்களில் வெண்கட்டித் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பேராசிரியை கேட்டாவாம்: “ஏன் அழித்தீர்கள்? பிழை என்று நான் சொல்லவில்லையே.” அதற்கு இவ அந்தப் பெட்டியைக் கீறிக் காட்டி, “பன்னிரண்டு இதுக்குள்ளே கொள்ளாது, பேராசிரியை,” என்றாவாம். பிறகு திரும்ப முதலிலிருந்து செய்து, பதினாறின் கீழ் மூன்று என்று முடித்தாவாம். பேராசிரியை தாளில் குறித்ததை வெட்டிவிட்டு வேறு எழுதினது தெரிந்ததாம்.

“பதினாறின் கீழ் மூன்று என்றால் எவ்வளவு?” என்று சின்யோரா கேட்டா.

“ஐந்தும் கொஞ்சமும், சின்யோரா.”

“அப்படியென்றால் ஐந்தும் கொஞ்சமும் என்று சொல்ல வேண்டியதுதானே!” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னா. முழுவதையும் சாப்பிட்டா.

நான் இதை உங்களுக்கு ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? பதினொரு வருசமும் அதற்குப் பிறகும் நான் பிள்ளைகளுக்கு விரைவாகச் செய்யப் பழக்கினேன், சரியாகச் செய்யப் பழக்கினேன். பிழை விட்ட அடுத்த நிமிசத்தில் என்ன செய்வது என்று பழக்கியதில்லை. அது எனக்கே தெரியாது. நான் பூச்சியத்தை எழுதி வைத்துக்கொண்டு சண்டை பிடித்தவள். அவ ஏழு பேருக்கு முன்னால், இருக்கச் சொன்ன பிறகு, யாரும் பிழை சொல்லாத நேரத்தில், தானே திரும்பிப் பார்த்துத் தானே அழித்தவ. இந்தத் தொழிலில் நான் கண்ட துணிவு எல்லாவற்றிலும் அதை மேலே வைக்கிறேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பலகையை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால், நேரம் போகிறது என்று அவசரப்படுத்தாதேங்கோ. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.

முடிவுகளைப் பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்தார்கள். நூற்றுக்கு எழுபத்தொன்று. பெரிய புள்ளி இல்லை. அவ அந்தத் தாளுக்கு முன்னால் வெயிலில் நின்று தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தா. பெயரில் ஒரு எழுத்துக் கூடப் பிழையில்லை என்பதை உறுதிசெய்தா. பெர்மெசோவும் ஐப்பசியில் கரைச்சல் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது.

அந்த மாரி காலத்தில் அவ சந்தைப் பக்கத்து அறையை விட்டு, சீசாவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினா. புது முகவரியைப் பதிய நகரசபைக் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேள்விகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தா. பெயர், பிறந்த இடம், தொழில். பிறகு கேட்டா:

“படிப்புத் தகுதி?”

தையலக்கா அந்தக் கேள்வியை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. எங்கள் நிறத்தைப் பார்த்தா. பாசை விளங்கவில்லை என்று நினைத்து, குரலை உயர்த்தி, “பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடம் போனதா, இல்லையா?” என்று கையாலும் காட்டினா. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தையலக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினா.

“எனக்கு விளங்கினது, சின்யோரா,” என்று நல்ல இத்தாலிய மொழியில் சொன்னா. “முதல் கேட்ட மாதிரியே தயவுசெய்து இன்னொருக்காக் கேளுங்கோ.”

அந்தப் பெண் தட்டச்சிலிருந்து கையை எடுத்தா. பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். கந்தோர்ப் பெண் தையலக்காவின் முகத்தைப் பார்த்து, இந்த முறை மெதுவாக, ஒரு ஆளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டா.

தையலக்கா நிமிர்ந்து நின்று, “உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா, சின்யோரா. கடுதாசியும் இருக்கு,” என்று பதில் சொன்னா.